நெம்பர் போட்ட கொய்யா மரங்கள்

ஆப்பிள் மரத்தின் கிளைகளை வெட்டிக் கவாத்துச் செய்ய அரசாங்கம் எனக்குப் பயிற்சி கொடுத்தபோது, நான் திண்டிவனம் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியனில் வேளாண்மை விரிவாக்க அலுவலராக இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். எங்கள் யூனியனில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்களின் பையில் மட்டும் விளையும் பழம். ஆனால் சுற்றறிக்கை எல்லா யூனியனுக்கும் பொது. ஒவ்வொரு யூனியனும் ஓர் அலுவலரைக் குளிர்காலக் கவாத்துப் பயிற்சிக்கு நீலகிரிக்கு அனுப்ப வேண்டும். ‘எங்கள் பகுதியில் ஆப்பிள் இல்லை’ என்று விலக்குக் கேட்டு எழுதலாம். அதற்கும் வழி இருந்தது. அந்தக் கடிதம் முறைப்படி மேலே ஏறி முறைப்படி கீழே இறங்க மூன்று மாதம் ஆகும். பயிற்சியோ மூன்று வாரத்தில். ஆகவே போய்விட்டு வருவதே சுலபம் என்று முடிவானது. கல்யாணமாகாதவன், ஸ்வெட்டர் இரவல் வாங்கக்கூடியவன் என்ற இரண்டு தகுதிகளால் நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

மார்கழிக் காலையில் ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும் ஆப்பிள் மரத்தை முதன்முதலில் பார்த்தபோது, செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கோயம்புத்தூரில் விவசாயம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். குளிர்நாட்டு மரம் குளிரில் உறங்கும் என்பது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். ஆனாலும் விழுப்புரத்தில் வளர்ந்த கண்ணுக்கு இலையில்லாத மரம் என்றால் விறகு.

பயிற்சி கொடுத்தவருக்கு என் வயதுதான் இருக்கும். மலையிலேயே பிறந்தவர். சமவெளிக்காரர்களான எங்கள் மீது அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வெட்டும் முறையை ஒரே காலையில் சொல்லி முடித்துவிட்டார். செத்த கிளை, நோய்ப்பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவை முதலில். அப்புறம் நடுவில் நிமிர்ந்து போவதையெல்லாம் எடுத்துவிட்டு மரத்தைக் கிண்ணம்போலத் திறந்துவிட வேண்டும்; வெயில் உள்ளே இறங்க வேண்டும். வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டு. பெரிய கிளையென்றால் முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தில் சாயும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் யாருக்கும் வரும். வராதது, எதை விடுவது என்பது. ஆப்பிளில் பழம் வருவது முண்டும் முடிச்சுமாகக் குட்டையாக இருக்கும் பழைய சுள்ளிகளில். நீளமாக, பளபளப்பாக இருப்பவற்றில் பெரும்பாலும் வெறும் இலை. என் முதல் மரத்தில் முண்டுகளை அசிங்கம் என்று ஒன்றுவிடாமல் வழித்துவிட்டு, அழகான குச்சிகளைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

பயிற்சியாளர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். “எந்த ஊர் சார் நீங்க?”

“திண்டிவனம்.”

“அங்க பொண்ணு பார்க்கப் போனாலும் இப்படித்தான் பார்ப்பீங்களா?” என்றார். “இந்த வருஷம் இந்த மரத்துல இலைதான் பறிக்கணும்.”

கூடப் பயிற்சிக்கு வந்தவர்களின் சிரிப்பு அடங்க ஒரு நாள் ஆயிற்று. பத்தாம் நாள், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே பழச் சுள்ளி எது, இலைச் சுள்ளி எது என்று சொல்லக்கூடியவனாகிவிட்டேன். சான்றிதழும், யூனியன் உபயோகத்துக்காக ஒரு கவாத்துக் கத்தரியும் ஒரு வளைந்த ரம்பமும் கொடுத்து அனுப்பினார்கள். பொங்கல் முடிந்து ஊர் வந்து சேர்ந்தேன். கைவந்த வித்தையைக் காட்ட ஒரு மரம் இல்லாதது எத்தனை பெரிய பேஜார் என்பது அப்போது தெரிந்தது.

தை முடிவதற்குள் அந்த அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்றுவிட்டு, கூடையோடு நேராக எங்கள் ஆபீசுக்கு ஏறியிருந்தார். வாசலில் பியூன் மறித்தார்.

“பெட்டிஷன் இருக்குதா?”

“கொய்யாப்பழம் இருக்குது. பெட்டிசன் இல்ல. உள்ள வுடு.”

என் மேஜையில் நான்கு பழங்களை வைத்தார். எலுமிச்சம்பழ அளவு. “முன்னெல்லாம் ஒரு பழம் கை நெறையும் சார். இப்ப பாருங்க. கெளை உச்சியில மட்டும் காய்க்குது, அதுவும் இந்த லட்சணத்துல. வூட்டுக்காரரு மரத்தயெல்லாம் வேரோட புடுங்கணும்னு நிக்கிறாரு. கெணத்துக்குக் கரண்டு மோட்டாரு வந்துட்ச்சி, சித்திரப் பட்டத்துக்கு மல்லாட்டை போடணுமாம்.”

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. “எத்தனை மரம்?”

“நாப்பது. நான் வச்சது சார். ரெண்டு கோடைக்கு இடுப்புல கொடம் வச்சித் தண்ணி மொண்டு ஊத்துனது.”

பிறகு பேச்சில் தெரிந்தது: அந்தக் குடும்பத்து நிலத்தில் எதை எப்போது விதைப்பது, எந்தக் காட்டைத் தரிசாகப் போடுவது என்பதெல்லாம் அவர் கணவரும் கொழுந்தன்மார்களும் பேசி முடிப்பது. கொய்யாத் தோட்டத்தில் மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை. பறிப்பதா, விடுவதா, யாருக்குக் கொடுப்பது என்பது இந்த அம்மாள் சொல்வதுதான். இனி அதுவும் போகப்போகிறது.

“மரத்தை எடுக்கவே வேண்டாம். கிளையை வெட்டினால் போதும்” என்றேன்.

“காய்க்குமா?”

“காய்க்கும்.”

சான்றிதழ் வந்து ஒரு மாதம்கூட ஆகாதவனின் குரலில் இருந்த உறுதி எனக்கே பிடித்திருந்தது.

அவர்கள் ஊர் ட்ரங்க் ரோடிலிருந்து கூப்பிடு தூரம். மறுநாளே கத்தரியும் ரம்பமுமாகப் போய் இறங்கினேன். கணவர் மோட்டார் ரூம் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். “வாங்க சார். மரம் வெட்ட ஆளு தேடிக்கினு இருந்தேன், கவுருமெண்டே அனுப்பிட்ச்சி!”

“உன்ன மாதிரி வேரோட புடுங்கறவரு இல்ல இவரு. படிச்சவரு” என்றார் மனைவி.

“படிச்சிட்டு மரம் ஏர்றாரா? நம்ம பையன படிக்க வச்சதுக்கு இனிமே பயமில்ல.”

செயல்விளக்கம் என்றால் பாதியில் செய்து, பாதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விடவேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிறவன் அல்ல. ரோட்டுப் பக்கம் இருபது மரங்களை எடுத்துக்கொண்டேன். கிணற்றுப் பக்கம் இருபதைத் தொடவில்லை. இரண்டு நாள் வேலை. நடுவைத் திறந்து, நீண்டதைக் குறைத்து, முண்டுகளைப் பயபக்தியோடு காப்பாற்றி, இருபது கிண்ணங்கள் செய்துவைத்தேன். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், “இன்னா சார், திருப்பதிக்கு வேண்டுதலா? குடும்பத்தோட மொட்டை போட்டுட்டீங்க!” என்றார். அந்த அம்மாள் சிரிக்கவுமில்லை, கேட்கவுமில்லை. விழுந்த கிளைகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது என் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். கொய்யா உறங்குகிற மரம் அல்ல. அதில் பூ வருவது புதுத் துளிரில். பழைய முண்டில் இல்லை. ஆகவே நான் அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய முண்டுகள் யாருக்கும் உதவாதவை. இது சிறிய தவறு. மரத்துக்குக் கெடுதல் இல்லை. பெரிய தவறு அந்தக் கிண்ணம். நீலகிரியில் வெயிலை உள்ளே அழைக்க வேண்டும். திண்டிவனத்தில் வெயிலை யாரும் அழைப்பதில்லை.

மாசி நடுவில் போய்ப் பார்த்தேன். பல வருடமாக நிழலிலேயே இருந்த கிளைகளின் மேற்புறம் பழுப்பாகி வெடித்திருந்தது. விரலை வைத்தால் பட்டை அப்பளம்போல எழும்பியது. ஒரு துளிரும் இல்லை.

“சார், இது காய்க்குமா?”

“காய்க்கும்” என்றேன். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

வெயில் காயத்துக்கு மருந்து பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் உண்டு: சுண்ணாம்பு. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த மிச்சம் அவர்கள் வீட்டுப் பானையில் இருந்தது. அந்த அம்மாளும் நானும் ஆளுக்கொரு மட்டையை எடுத்துக்கொண்டு இருபது மரத்துக்கும் அடியிலிருந்து கிளைக் கவை வரை வெள்ளையடித்தோம். அடித்து முடித்ததும் எனக்கு இன்னொரு விதி ஞாபகம் வந்தது. எந்த மரத்துக்கு எப்போது என்ன செய்தோம் என்று பதிவேட்டில் எழுத, மரத்துக்கு மரம் எண் வேண்டும். வெள்ளைப் பரப்பு எழுதுவதற்கு வாகாக இருந்தது. மோட்டார் ரூம் கூரைக்குப் பூசிய தார் ஒரு டப்பாவில் கிடந்தது. ஒன்றிலிருந்து இருபது வரை, கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்த அம்மாளுக்கோ, வெள்ளையடித்த எதற்கும் கீழே காவி இழுக்காமல் வேலை முடிந்ததாகாது. மரத்துக்கு மரம் அரைச் சாண் அகலத்தில் காவிப் பட்டை போட்டார்.

பஸ்ஸில் போகிற எவருக்கும் உடனே தெரிந்திருக்கக்கூடியது, மரத்தடியில் நின்ற எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ரோட்டின் இரு பக்கமும் நிற்கும் புளியமரங்கள் அத்தனையும் அப்படித்தான் இருக்கும்: வெள்ளை, காவி, நடுவில் தாரில் எண். அவை சர்க்கார் மரங்கள். அதில் ஒரு குச்சி ஒடித்தாலும் கேள்வி வரும் என்பது எங்கள் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள்வரை அறிந்த சட்டம்.

கணவர் அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக மரக்காணம் போயிருந்தார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவர் தோட்டத்தைப் பார்த்தபடி ரோட்டிலேயே நின்றாராம். வீட்டுக்கு வந்து, “ஏ, நம்ம மரத்துக்கு எப்ப நெம்பர் போட்டாங்கோ?” என்று கேட்டிருக்கிறார்.

“முந்தாநேத்து.”

“யாரு?”

“சர்க்கார் ஆளுதான்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. முதல் நாள் டீக்கடையில் அவர், “இருவது மரத்த கவுருமெண்டு புடிச்சிக்கிச்சிப்பா” என்று புலம்பினாராம். இரண்டு நாளில் புலம்பல் பெருமையாகிவிட்டது. “சுத்துப்பட்டுல எவன் தோட்டத்துல நெம்பர் போட்டாங்கோ? நம்ம மரத்துலதான் ஆராய்ச்சி. டெல்லிக்கு ரிப்போர்ட்டு போவுது.” எனக்கு இது எதுவும் தெரியாது. பதிவேட்டில் எண் வாரியாகக் குறிப்பு எழுதித் திருப்தியோடு இருந்தேன்.

பங்குனி பிறந்த வாரம் ஒரு காலையில் அந்த அம்மாள் மறுபடி ஆபீசுக்கு வந்தார். கூடை இல்லை. மூச்சு வாங்கியது. பியூன் பெட்டிஷன் கேட்கவில்லை.

“ஜல்தி வாங்க சார். கடப்பாறை எடுத்துக்கினு, நெம்பர் இல்லாத மரத்தயெல்லாம் தோண்டிக்கினு இருக்காரு.”

பஸ்ஸில் போகும்போதுதான் முழுக்கதையும் சொன்னார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. எண் இல்லாத இருபதும் நான் கை வைக்காதவை. இலையோடு, நிழலோடு, அப்போதுதான் பூவெடுத்துக்கொண்டு நன்றாக இருந்தவை. எண் போட்டவை நான் வெயிலில் காய வைத்தவை. என்னால் காயம்பட்டதைச் சர்க்கார் பயம் காப்பாற்றுகிறது. என்னிடமிருந்து தப்பியதைக் கடப்பாறை தோண்டுகிறது. இதைவிடச் சீராக ஒரு தோட்டத்தை யாராலும் அழிக்க முடியாது.

“ஒண்ணு செய்ங்க சார்” என்றார் அவர். “அந்தப் பக்கத்துக்கும் நெம்பர் போட்டுடுங்க. தார் இன்னும் மிச்சம் இருக்குது.”

எனக்கு விதிகள் தெரியும். விதிகளைச் சுற்றிப் போகும் சந்துகளும் தெரியும். இதற்குச் சந்து இல்லை. ஒருவரின் சொந்த மரத்தைச் சர்க்கார் மரம் என்று நம்பவிட்டு எண் போடுவது, கண்டுபிடிக்கப்பட்டால் என் வேலையோடு நிற்காது. அவர் ஒரே நாளில் எல்லா மரத்தையும் சாய்த்துவிட்டு, எந்த அலுவலரையும் அந்த ஊருக்குள் விடமாட்டார்.

“நான் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன்” என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “சொல்லுங்க. சொல்லிட்டு நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. மல்லாட்டைக் காட்டுல நான் நின்னுக்கினு இருப்பேன்.”

நாங்கள் போனபோது மூன்று மரங்கள் விழுந்துகிடந்தன. வேரில் ஈரமண், கிளையில் வெள்ளைப் பூ. கணவர் கடப்பாறையை ஊன்றி நிமிர்ந்தார். “வாங்க சார். ஒங்க மரத்த தொடலியே. என்னுத மட்டுந்தான் எடுக்கறேன்.”

“எல்லாமே உங்க மரம்தாங்க” என்றேன். “அந்த நெம்பர் நான் என் பதிவேட்டுக்காகப் போட்டது. சர்க்காருக்கு இதுல ஒரு இலைகூடச் சொந்தம் இல்ல.”

அவர் ரோட்டுப் பக்கத்து எண்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப டெல்லிக்கு ரிப்போர்ட்டு?” என்றார்.

“திண்டிவனத்துக்கு ஒண்ணு. கடலூருக்கு ஒரு காப்பி.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “தெரிஞ்சிக்கினேதான் கம்முனு இருந்தியா?”

“நீ கேட்ட, நான் சொன்னேன். சர்க்கார் ஆளு போட்டாருன்னேன். சார் சர்க்கார் ஆளு இல்லாம இன்னா வெள்ளைக்காரனா?”

“டீக்கடையில மூஞ்சி காட்ட முடியாதபடி பண்ணிட்டியேடி. மூணு மரம் வேற போச்சி.”

“மூஞ்சி உன்னுது. கடப்பாறையும் உன்னுது. மரம் மட்டுந்தான் என்னுது.”

அவர் கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். எண் போட்ட மரங்களை நோக்கித்தான். நான் பின்னால் ஓடினேன். ஓடும்போதே வாய் தன் பாட்டுக்குப் பாடம் நடத்தியது: சுண்ணாம்பு அடித்த பிறகு வெடிப்பு பரவவில்லை, வெட்டின இடத்துக்குக் கீழே பாருங்கள், கொஞ்சம் பொறுங்கள். ஏழாம் எண் மரத்தில் துளிர் வந்திருந்தது. விரல் நீளம், ஜோடி ஜோடியாக இலை. அந்த இலைக் கக்கத்தில் குண்டூசித் தலை அளவு மொட்டு. கிளையை வளைத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அவர் மொட்டைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெழலே இல்லியே” என்றார்.

நான் அதற்கும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் குந்தி உட்கார்ந்து, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே மண்ணைக் கையில் அள்ளினார். வெயில் முழுதாக விழுந்துகொண்டிருந்த மண். “இப்டி இருந்தா நடுவுலயே மல்லாட்டை போடலாமே. மரம் பாட்டுக்கு நிக்கட்டும்.” கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். “அந்தப் பதினேழத்தயும் இதே மாரி மொட்டை அடிச்சி வுடுங்க சார்.”

கொய்யாவுக்கு நான் செய்த குற்றம் மல்லாட்டைக்கு உபகாரமாக இருக்கும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கத்தரியை எடுக்கப் பையில் கைவிட்டேன். அந்த அம்மாள் கையை நீட்டினார்.

“கொடுங்க. இந்தத் தடவ நான் வெட்றேன். மொட்டை கிட்டை எல்லாம் வேணாம்.”

“நடு நடுவுல சொல்றேன்” என்றேன்.

“கேட்டா சொல்லுங்க.”

அவர் நடுவைத் திறக்கவில்லை. உள்ளே மெல்லிசாக நெருக்கியடித்துக்கொண்டிருந்ததை எடுத்தார். தாழ்ந்த கிளைகளை நீக்கித் தரைக்கு வெயில் விட்டார். மேற்குப் பக்கத்துக் கிளைகளைத் தொடவே இல்லை. சாயங்கால வெயில் அடிமரத்தில் அடிக்கக் கூடாதாம். ஒவ்வொரு கிளை நுனியிலும் பூவுக்கு அப்பால் இருந்ததை மட்டும் ஒரு சாண் குறைத்தார். பிந்திய வருடங்களில் நான் எத்தனையோ தோட்டங்களில் கொய்யாவுக்குக் கவாத்துச் செய்து காட்டியிருக்கிறேன். அன்று பார்த்ததைத்தான் செய்தேன். அன்று அவர் என்னை ஒரே ஒரு தடவை கேட்டார், தடித்த கிளை ஒன்று வந்தபோது. அடியிலிருந்து முதலில் அறுக்கச் சொன்னேன். பட்டை உரியாமல் விழுந்தது. “இது நல்லாருக்குது” என்றார். மலையில் நான் படித்த படிப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

கணவர் அதற்குள் மோட்டார் ரூமிலிருந்து தார் டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். சுண்ணாம்புக்குக்கூடக் காத்திருக்காமல், வெட்டி முடித்த மரத்தின் வெறும் பட்டையில் இருபத்தொன்று என்று எழுத ஆரம்பித்தார். டீக்கடையில் சொன்னதை இனி வாபஸ் வாங்க முடியாது. அதைவிட இருபதை முப்பத்தேழாக்கிவிடுவது அவருக்குச் சுலபமாகப் பட்டிருக்க வேண்டும். தடுப்பதா என்று யோசித்தேன். சொந்த மரத்தில் சொந்தத் தாரால் எண் எழுதுவதைத் தடை செய்யும் விதி எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஏணியின் மேலிருந்து அந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

“யோவ், பெரிசா எழுது. ரோட்டுலேர்ந்து தெரியணும்.”